அடைக்கலம் வந்த மகளிரும் அவர்தம் தொழில் முயற்சியும்
(படிப்பு வட்டத்திற்குரிய பாடம்)

கூட்டுறவுச் சங்கம் கடன் வழங்குமுன் இருவகைச் சொத்துக்களைக் கருதிப் பார்ப்பது வழக்கம். ஒன்று கண்ணால் காணத்தக்க சொத்து; நிலம், வீடு, தறி, கால்நடை, நகை என்பன இதில் அடங்கும். மற்றொன்று கண்ணால் காணவொண்ணாத சொத்து. ஒருவருடைய நாணயமும், உழைப்பும், ஊரார் அவர்மீது வைத்துள்ள நம்பிக்கையும் இவ்வகையின. நம் அங்கத்தினரில் பெரும்பாலோர்க்கு இவ்விரண்டும் ஓரளவேனும் உண்டு. வாழ்ந்த நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு மற்றொரு நாட்டில் கரையேறிய பெண்ணுக்கோ முதல்வகைச் சொத்து அறவே இல்லை. இரண்டாம் வகைச் சொத்து அவளிடம் இருப்பினும், அதற்குச் சாட்சி சொல்வார் புதிய ஊரில் இலர். இத்தகைய பெண் எவ்வாறு ஒரு தொழிலைத் தொடங்கி நிலைபெறுகிறாள், அவளுக்குக் கூட்டுறவு செய்யத்தக்கது யாது, அவளிடமிருந்து நாம் கற்கத்தக்கது யாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இதற்காக நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை செல்லும் இரயில் பாதை நம் வட்டாரத்தார் நாள்தோறும் பயன்படுத்துவது. அதன் தொடக்கத்தில், கடற்கரை நிலையத்திற்கு எதிரே, இராஜாஜி சாலையில் பர்மா பஜார் உள்ளது. பாதைக்கு மேற்கே வியாசர்பாடியிலும், வடக்கே எண்ணூர்ப் பகுதியிலும் பர்மாவிலிருந்து வந்தோரின் குடியிருப்புகள் உள. நம் வள்ளூரை ஒட்டிய அத்திப்பட்டையும், மீஞ்சூரையும், பொன்னேரியையும் கடந்து சென்றால், பாதையின் வடகோடியில் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. ஆகவே ஒரே பாதையில் இருவேறு நாடுகளிலிருந்து, இருவேறு காலங்களில், இருவேறு சட்டநிலையில் வந்தவர்களைக் காண்கிறோம். ஒப்பிட்டுக் கற்பதற்கு இதனினும் வாய்ப்பான இடம் அரிது.

1. இருவகையினர்

நாடுவிட்டு வந்தோர் அனைவரையும் 'அகதி' என்ற ஒரே சொல்லால் குறிப்பது பேச்சு வழக்கு. சட்டமும் கணக்கும் அவ்வாறு கொள்வதில்லை. இந்தியக் குடியுரிமை உடையவராகவோ, அதனைப் பெற்றவராகவோ திரும்பி வந்தவர் 'தாயகம் திரும்பியோர்' எனப்படுவர். பர்மாவிலிருந்து வந்த தமிழரும், ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழரும் இப்பிரிவினர். இவர்கள் நிலம் வாங்கலாம், வாக்களிக்கலாம், அரசின் தொழிற்கடனையும் பெறலாம். 1983-ஆம் ஆண்டிலிருந்து போரினால் உயிருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் மற்றொரு பிரிவினர். இவர்கள் இந்தியக் குடிமக்களாக ஏற்கப்படாது, முகாம்களில் அரசின் உதவித்தொகை பெற்று வாழ்பவர்கள். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆதலின் இவர்களுக்கு எது உரிமை, எது சலுகை என்பது அவ்வப்போது பிறக்கும் அரசாணைகளையே பொறுத்துள்ளது.

இவ்வேறுபாட்டை அங்கத்தினர் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். தொழில் முயற்சிக்கு வேண்டுவன திறமை, முதல், சந்தை, சட்டநிலை என்னும் நான்கு. தாயகம் திரும்பிய பெண்ணுக்குத் திறமையும் சட்டநிலையும் இருந்தன. முதலும் சந்தையும் இல்லை. முகாமில் வாழும் பெண்ணுக்குத் திறமை ஒன்றே உண்டு. மற்ற மூன்றும் குறைவு.

2. பர்மாவிலிருந்து வந்தோர்

பர்மாவிலிருந்து தமிழர் இருமுறை பெயர்ந்தனர். 1941 டிசம்பர் 23-இல் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. அதன்பின் இலட்சக்கணக்கான இந்தியர் கடல் வழியாகவும், மலையும் காடும் கடந்து கால்நடையாகவும் வெளியேறினர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். போர் முடிந்ததும் அவர்களில் பலர் மீண்டும் பர்மா சென்று தொழில் நடத்தினர். 1962 மார்ச்சில் நேவின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. கடையும் போயிற்று, கையிருப்பும் காகிதமாயிற்று. கப்பல் ஏறியவர்கள் நகையையும் ரொக்கத்தையும் விரும்பியவாறு கொண்டுவரவும் இயலவில்லை. 1963 முதல் தமிழ்நாட்டிற்கு இவ்வாறு வந்தோர் 1,40,000-க்கு மேற்பட்டோர்.

சென்னையில் குடியேறியோர்க்கு வாணிகத்திற்கென ஒதுக்கப்பட்ட நடைபாதைக் கடைகளே 1969-இல் பர்மா பஜாராக உருவெடுத்தன. அங்குக் கடை உரிமை பெற்றோரில் பெரும்பாலோர் ஆடவர். பெண்டிர் தொடங்கிய தொழிலோ பெரும்பாலும் அடுப்பங்கரையிலிருந்து எழுந்தது. பர்மா நாட்டில் சந்தைக் கடைகளைப் பெண்டிரே நடத்துவது நெடுங்கால வழக்கம். அந்நாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்குப் பலர் காணக் கடைபோட்டு அமர்ந்து, விலைபேசி விற்பது நாணத்தக்க செயலாகத் தோன்றவில்லை. இம்மனப்பான்மையும் அவர்கள் கொணர்ந்த முதலே. சுங்கச் சாவடியில் எவராலும் பறிக்க முடியாத முதல்.

அத்தோ என்னும் உணவை எடுத்துக்கொள்வோம். மாவினால் நூல்போல் செய்து வேகவைத்த சேவையுடன், நறுக்கிய முட்டைக்கோசு, வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த் தூள், வறுத்த பூண்டு, பொரித்த வெங்காயம், மொறுமொறுப்பான பேஜோ ஆகியவற்றைக் கையால் பிசைந்து தருவது அது. உடன் வாழைத்தண்டுச் சாறு ஒரு கிண்ணம். பர்மியர் மீன் சேர்த்து ஆக்கும் மொகிங்காவின் உறவு இச்சாறு. இவ்வுணவு முதலில் பர்மாவிலிருந்து வந்தோர் தமக்குள் உண்டது. பின்னர் துறைமுகத் தொழிலாளரும், உயர்நீதிமன்றப் பகுதிக்கு வருவோரும், கல்லூரி மாணவரும் விரும்பி உண்ணலாயினர். இன்று சென்னையின் உணவாகவே அது எண்ணப்படுகிறது.

இத்தொழிலின் அமைப்பைச் சற்று உற்று நோக்கினால் அது நிலைத்ததன் காரணம் புலனாகும். முதலாவது, வேண்டும் சரக்கு அனைத்தும் நம் ஊர்ச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. பயிரிடுவோர் சந்தையில் இழந்துவிடும் வாழைத்தண்டும் இதில் விலைபோகிறது. இரண்டாவது, சேவை பிழிதல், வெங்காயம் பொரித்தல், பேஜோ சுடுதல் ஆகிய வேலைகளை வீட்டிலேயே முடித்துவிடலாம்; குழந்தையைப் பார்த்துக்கொண்டே பெண்கள் இவற்றைச் செய்தனர். மூன்றாவது, காலையில் இட்ட முதல் இரவிற்குள் திரும்பிவிடுகிறது. நான்காவது, ஊரார் செய்யும் இட்டிலி தோசைக்கு இது போட்டியன்று. புதியவர் பழையவரின் வயிற்றில் அடிக்காமல் தமக்கென ஓரிடத்தைத் தேடிக்கொண்டனர். புதுத்தொழில் தொடங்கும் எவரும் இந்நான்கையும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

3. இலங்கையிலிருந்து வந்தோர்

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது எனவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது எனவும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இவ்வாறு எண்ணிப் பங்கிடப்பட்டவருள் பாதிக்குமேல் தேயிலைக் கொழுந்து கிள்ளிய பெண்டிரும் அவர்தம் குழந்தைகளுமே. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை பெற்று, அட்டையில் குறித்த ஊருக்கு அவர்கள் சென்றனர். நீலகிரியில் இவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

தோட்டத்தில் வேலை கிடைக்காதவர்களுக்குத் தொழிற்கடன் வழங்கப்பட்டது. இங்குத்தான் நாம் கற்கவேண்டிய முதற்பாடம் உள்ளது. தோட்டத்தில் அப்பெண் தன் பெயரில் கூலி பெற்ற தொழிலாளி. குடும்ப அட்டையிலோ குடும்பத் தலைவர் பெயரே முதன்மையாயிற்று. கடனும் அவர் பெயரிலேயே வந்தது. அன்றியும், வீடும் அடுப்பும் அமையுமுன் கைக்கு வந்த கடன் அரிசிக்கும் மருந்துக்கும் செலவாயிற்று. பழக்கமில்லாத ஊரில் என்ன வாணிகம் செய்வதென்று அறியாதவர்களிடம் தரகர் புகுந்து தம் பங்கை எடுத்துக்கொண்டனர். கொழுந்து கிள்ளுவதில் நாற்பது ஆண்டு தேர்ச்சி பெற்றவரைப் பெட்டிக்கடை வைக்கச் சொன்ன திட்டம் பலவிடத்துத் தோற்றதில் வியப்பில்லை. உண்ணும் பணமும் தொழிற்பணமும் வெவ்வேறு. இரண்டையும் ஒரே கையில் ஒரே நாளில் கொடுத்தால் முன்னது பின்னதை விழுங்கிவிடும்.

1983 சூலைக்குப் பின் வந்தோர் வரலாறு வேறு. அவர்களுக்குத் தொழிற்கடன் இல்லை, உதவித்தொகை உண்டு. 2021-இல் அத்தொகை உயர்த்தப்பட்டு, குடும்பத் தலைவர்க்குத் திங்களுக்கு 1,500 ரூபாயும், பிற பெரியவர்க்கு 1,000 ரூபாயும், சிறுவர்க்கு 500 ரூபாயும் ஆயிற்று. அவ்வாண்டிலேயே 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. உதவித்தொகை பசியைத் தணிக்கும். மகளின் படிப்பையும் மகனின் திருமணத்தையும் நடத்தித் தராது. ஆகவே முகாம் ஆடவர் வண்ணம் பூசுதல், கட்டட வேலை முதலிய நாட்கூலி வேலைகளுக்குச் செல்கின்றனர். பெண்டிர் தையலும், சிற்றுண்டி விற்பனையும், சிறு கடையும் மேற்கொள்கின்றனர். வருவாய்த் துறையினர் குறித்த நாளில் எடுக்கும் தணிக்கைக்கு முகாமில் இருத்தல் வேண்டும் என்ற விதி, தொலைவிலுள்ள சந்தைக்குச் சென்று தங்கி வாணிகம் செய்வதற்குத் தடையாக நிற்கிறது.

இந்நிலையிலும் அவர்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. 1984-இல் எஸ். சி. சந்திரகாசன் தலைமையில் அகதிகளே ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நிறுவினர். கல்வி, நலவாழ்வு, சுருள்பாசி வளர்த்தல் முதலிய பயிற்சிகளோடு, முகாம்தோறும் மகளிர் சேமிப்புக் குழுக்கள் தோன்றவும் அக்கழகம் துணைநின்றது. கூட்டுறவு அவர்களுக்குப் புதிதுமன்று. யாழ்ப்பாண வட்டாரத்தில் 'சங்கக்கடை' என்ற சொல்லை அறியாத குடும்பம் இல்லை. மூளாய் என்னும் ஊரில் 1930-களிலேயே மக்கள் கூடிக் கூட்டுறவு மருத்துவமனை கண்டனர். முகாமில் முதிய பெண்மணி ஒருவர் அமர்ந்திருக்கக் கண்டால், அவரிடம் சங்கம் பற்றி நாம் கற்பிக்க வேண்டுவதைவிட அவரிடமிருந்து கேட்டறிய வேண்டுவது மிகுதியாக இருக்கலாம்.

4. ரெப்கோ வங்கி

தாயகம் திரும்பியோர்க்கெனக் கூட்டுறவு முறையிலேயே ஒரு நிதி நிறுவனம் எழுந்தது நம் அங்கத்தினர் அனைவரும் அறியத்தக்க செய்தி. 1969-இல் சென்னை மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் பதிவாகித் தொடங்கிய அதன் பெயர், தாயகம் திரும்பியோர் கூட்டுறவு நிதி மற்றும் வளர்ச்சி வங்கி, சுருக்கமாக ரெப்கோ. பர்மா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் அதன் அங்கத்தினர். மத்திய அரசும் தென்மாநில அரசுகளும் பங்குதாரர். பின்னர் அது பல மாநிலக் கூட்டுறவுச் சங்கமாயிற்று. பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்றும், நகைக்கடன், வீட்டுக்கடன் வழங்கியும் வளர்ந்தது. 2007-இல் அதன் துணை நிறுவனமாகச் சிறுகடன் நிறுவனம் ஒன்று அமைந்து மகளிர் குழுக்களுக்குக் கடன் வழங்கி வருகிறது.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் யாது? அரசுக் கடன் ஒருமுறை வருவது. அது செலவானால் தீர்ந்தது. அங்கத்தினர் பங்கும் வைப்பும் சேர்ந்த நிறுவனமோ ஒருவர் திருப்பிய பணத்தை மற்றொருவர்க்குக் கொடுத்து ஐம்பதாண்டு கடந்தும் சுழல்கிறது. ஆயினும் முகாமிலுள்ள பெண்ணுக்கு இவ்வாயில் திறக்கவில்லை. அவள் சட்டப்படி தாயகம் திரும்பியவள் அல்லள். அவளுக்கு எஞ்சியிருப்பது குழுவின் வழி ஒன்றே.

5. பிற இடங்களின் அனுபவம்

நாட்டுப் பிரிவினைக்குப் பின் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்த மக்களுக்காக, தில்லிக்கு அருகே பரீதாபாத் நகரம் எழுந்தது. கமலாதேவி சட்டோபாத்தியாயர் 1948-இல் தொடங்கிய இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் அங்குத் தொழிலாளர் கூட்டுறவுகளை அமைத்தது. அகதிகள் தம் வீடுகளைத் தாமே கூலிபெற்றுக் கட்டினர். நிர்வாகம் பின்னர் அரசு இலாகாக்களின் கைக்குச் சென்றபோது கூட்டுறவுகளின் இடம் சுருங்கியது. அதே ஒன்றியம் 1952-இல் தில்லியில் மத்தியக் குடிசைத்தொழில் விற்பனை நிலையத்தை ஏற்று நடத்திக் கைவினைஞர்க்குச் சந்தை காட்டியது.

திபெத்திலிருந்து வந்தோர்க்காக 1959-இல் டார்ஜிலிங்கில் தொடங்கிய தன்னுதவி மையத்தில் பெண்டிர் கம்பள நெசவில் ஈடுபட்டனர். மழைக்காலம் முடிந்ததும் நம் நகரங்களில் கம்பளிச் சட்டை விற்க வரும் திபெத்தியப் பெண்களை நாம் கண்டிருக்கிறோம். அச்சட்டைகள் பெரும்பாலும் லூதியானா ஆலைகளில் கடனுக்கு வாங்கியவை. விற்று முடித்தபின் பணம் செலுத்துவர். அடகு வைக்க யாதுமில்லாதவர்க்கு ஆலைமுதலாளி ஆண்டுதோறும் சரக்குக் கொடுப்பது அவர்களின் நாணயத்தை நம்பியே.

நெசவாளர் கருதத்தக்க சான்று மேற்கு வங்காளத்துப் பூலியா. கிழக்கு வங்காளத்துத் தாங்காயில் நகரப் பகுதியிலிருந்து வந்த நெசவுக் குடும்பங்கள் அங்குக் குடியேறி, முதலில் மகாஜனர்க்குக் கூலிக்கு நெய்து, பின்னர்க் கூட்டுறவுச் சங்கங்கள் கண்டன. அவர்கள் கொணர்ந்த சேலை வகை 2024-இல் வங்காளத்தின் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கும் நூல் சுற்றுவதும் கஞ்சி போடுவதும் பெண்டிர் வேலை. கூலியோ சேலைக் கணக்கில் தறிக்காரர் பெயரில் வரும். இது பூலியாவின் வழக்கம் மட்டுமன்று. நம் சங்கத்து வீடுகளிலும் தார் சுற்றுதல், பாவு பிணைத்தல் யாவும் யார் கைவேலை? கூலிப் புத்தகத்தில் எவர் பெயர் உள்ளது? சொந்த ஊரில், சொந்த வீட்டில், தன் உழைப்புக்குக் கணக்கில்லாது வாழும் பெண்ணுக்கும் முகாமிலுள்ள பெண்ணுக்கும் இவ்வொரு வகையில் வேற்றுமை சிறிதே.

6. ஒரு கணக்கு

இனி ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் பாடத்திற்காகக் கற்பித்தவை. அங்கத்தினர் தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்க.

இடியாப்பமும் சம்பலும் செய்து மின் நிலைய வாயிலில் விற்கும் ஒரு பெண், நாள்தோறும் 1,200 ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறாள் எனக் கொள்வோம். எரிபொருள் 150 ரூபாய். பயணச் செலவு 50 ரூபாய். விற்றுவரவு 1,800 ரூபாய். மிச்சம் 400 ரூபாய். இதனை அவள் இலாபம் என எண்ணுகிறாள். உண்மையில் இதனுள் அவளுடைய கூலியும் அடங்கியுள்ளது.

பாத்திரமும் அடுப்பும் வாங்க அவள் தண்டல்காரரிடம் பணம் பெற்றாள். 10,000 ரூபாய் எனப் பேச்சு. கைக்கு வந்தது 9,000 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் 10,000 ரூபாய் கட்டவேண்டும். நூற்றுக்குப் பத்துத்தானே என்று தோன்றும். ஆயின் அவள் நாள்தோறும் திருப்பிக் கட்டி வருதலால், நூறு நாளும் 9,000 ரூபாய் அவளிடம் இருப்பதில்லை. சராசரியாக 4,500 ரூபாயே இருக்கிறது. 4,500 ரூபாய்க்கு 100 நாள் வட்டி 1,000 ரூபாய். இது ஆண்டுக்கு ஏறக்குறைய 81 விழுக்காடு. அதே கடன் ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் கிடைத்தால் நூறு நாளுக்குரிய வட்டி சுமார் 148 ரூபாயே. தண்டல், கந்து வட்டி முதலியவற்றைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது. ஆயினும் வேறு வாயில் இல்லாதவள் அச்சட்டத்தின் துணையை நாடுவது அரிது; நாளை மீண்டும் அதே தண்டல்காரரிடம் அவள் செல்லவேண்டுமன்றோ?

மற்றொரு கசிவும் உண்டு. அரிசி மாவு 10 கிலோவைக் கடைக்காரரிடம் கடனுக்கு வாங்குவதால் கிலோவுக்கு 4 ரூபாய் கூடுதல் கொடுக்கிறாள் எனின், நாளொன்றுக்கு 40 ரூபாய் போயிற்று. தண்டல் வட்டி நாளொன்றுக்கு 10 ரூபாய். ஆக 50 ரூபாய்; அவள் மிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆண்டில் 300 நாள் வேலை எனக் கொண்டால் 15,000 ரூபாய். இத்தகையோர் பன்னிருவர் இருப்பின் 1,80,000 ரூபாய் ஆண்டுதோறும் அவர்கள் உழைப்பிலிருந்து வெளியே சென்றுவிடுகிறது.

இப்பன்னிருவரும் ஒரு குழுவாகி வாரம் 100 ரூபாய் சேமித்தால் வாரத்திற்கு 1,200 ரூபாய் சேரும். பன்னிருவர்க்கும் ஆறு நாளுக்கு வேண்டும் மாவு 720 கிலோ. கிலோ 50 ரூபாய் எனின் 36,000 ரூபாய். முப்பதே வாரத்தில் அத்தொகை குழுவின் கையில் இருக்கும். அதன்பின் மாவைக் கைப்பணத்திற்கே வாங்கலாம். ஓராண்டு முடிவில் சேமிப்பு 62,400 ரூபாய் ஆகும். தண்டலுக்குச் செல்லாமல் உறுப்பினர்க்குக் கடன் தரவும் இயலும். மேற்கண்ட கசிவு அடைபடுவது எவருடைய தருமத்தாலுமன்று; அவர்தம் பணம் அவர்களிடையே ஒருவாரம் முன்னதாகத் திரண்டு நிற்பதாலேயே.

சொத்து ஈடு இல்லாதவர் ஒருவர்க்கொருவர் ஈடாக நிற்கும் முறை புதிதன்று. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் செருமனியில் ரைபைசன் உழவர்க்காகக் கண்டதும் இதுவே. நம் மாவட்டத்துத் திரூரில் 1904-ஆம் ஆண்டிலேயே பதிவான கடன் சங்கமும் இம்மரபினது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டமும், 1992-இல் நபார்டு வங்கி தொடங்கிய குழு–வங்கி இணைப்பும் இதன் வழித்தோன்றல்களே.

7. சங்கம் செய்யத்தக்கவை

இங்கு அங்கத்தினர் சிலர் ஓர் ஐயத்தை எழுப்புவர். "நம் உழவர்க்கும் நெசவாளர்க்குமே சங்கத்தின் நிதி போதவில்லை, வந்தேறியவர்க்கு எதற்குக் கொடுப்பது?" என்பது அவ்வையம். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. சங்கத்தின் நிதி அங்கத்தினர் சேர்த்தது. அதற்கு அவர்களே காவலர். ஆயினும் இரண்டு உண்மைகளைக் கருதுக. எல்லோர்க்கும் திறந்த அங்கத்தினர் உரிமை என்பது கூட்டுறவின் முதற்கொள்கை. அதனைச் சுருக்கிய சங்கம் நாளடைவில் சில குடும்பங்களின் கடையாகிவிடும். மேலும், நாம் மேலே கண்டவாறு அப்பெண்களுக்கு முதன்மையாக வேண்டுவது நம் பணமன்று. நம் சரக்கும், நம் சந்தையும், நம் கணக்கறிவுமே.

அவற்றை முறைப்படுத்திக் கூறுவோம். முதலாவது, சங்கம் தன் அங்கத்தினரின் அரிசியையும் காய்கறியையும் மகளிர் குழுவிற்கு மொத்த விலையில் கைப்பணத்திற்கு விற்கலாம். இதனால் பயிரிடுவோர் தரகு மிச்சமாவதைக் காண்பர்; குழுவும் நற்சரக்குப் பெறும். இரண்டாவது, நெசவாளர் சங்கத்தின் துணியைத் தையல் அறிந்த முகாம் மகளிர்க்குக் கூலிக்குத் தந்து, பள்ளிச் சீருடை, தலையணை உறை முதலியனவாக விற்கலாம். மூன்றாவது, சங்கத்தின் எழுத்தர் மாதம் ஒருநாள் குழுவினர்க்குப் பற்று வரவு எழுதும் முறையைக் கற்பிக்கலாம். நான்காவது, துணைவிதி இடந்தரும் வரையில் அவர்களை அங்கத்தினராக ஏற்கலாம். ஐயம் தோன்றுமிடத்து எழுத்து மூலம் துறையின் விளக்கத்தைப் பெறுக. வாய்மொழியாக 'முடியாது' என்று திருப்பி அனுப்புதல் கூடாது. ஐந்தாவது, எக்கடனும் எக்கூலியும் உழைப்பவள் பெயரிலேயே எழுதப்பட வேண்டும். இவ்விதியை நம் நெசவாளர் வீடுகளிலும் அப்படியே கைக்கொள்வோமாக.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஒரே முகாமில் அனைவரும் ஒரே பண்டத்தைச் செய்தால் விலை விழும். அத்தோவின் வெற்றியைக் கண்டு தெருவெங்கும் அத்தோக் கடை வைப்பது அறிவாகாது. இவ்வூரில் இல்லாதது எது, அதனை நாம் அறிந்தது எவ்வளவு என்ற இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே முதல் இடவேண்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பர்மாவிலிருந்து வந்தோர் இக்கரையில் இறங்கியபோது, அவர்களும் வந்தேறியவர்களாகவே பார்க்கப்பட்டனர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் நம்முடன் அதே இரயிலில் வேலைக்குச் செல்கின்றனர். கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து வளர்ந்த பெண்களும் அவ்வண்டியிலேயே செல்கின்றனர். பின்னவர்க்குச் சட்டம் எப்போது வழிவிடும் என்பதை நம் சங்கம் தீர்மானிக்க இயலாது. அதுவரை அவர்கள் தண்டல்காரரை நாடுவதா, ஒரு குழுவின் புத்தகத்தை நாடுவதா என்பதில் நமக்கும் பங்குண்டு.

படிப்பு வட்டத்தில் ஆராயவேண்டிய வினாக்கள்

1. தாயகம் திரும்பியோர்க்கும் முகாமில் வாழ்வோர்க்கும் தொழில் தொடங்குவதில் உள்ள வேறுபாடுகள் யாவை?

2. உங்கள் ஊரில் வழங்கும் தண்டல் முறையைக் கேட்டறிந்து, இப்பாடத்தில் காட்டியவாறு அதன் ஆண்டு வட்டியைக் கணக்கிடுக.

3. உங்கள் சங்கத்துக் கூலிப் புத்தகத்தில் எத்தனை பெண்டிரின் பெயர் உள்ளது? வேலை செய்யும் பெண்டிர் எத்தனை பேர்? இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

4. உங்கள் துணைவிதியில் அங்கத்தினர் தகுதி பற்றிய பிரிவைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் செய்க. அதன்படி சேரத்தக்கவர் யார், நடைமுறையில் விடுபட்டவர் யார் எனப் பட்டியல் எழுதுக.